ஒரே நிறம்

சிலமலையில் நண்பர் ஒருவர் புது வீடு கட்டியிருக்கிறார். முன்கூடத்திலிருந்து சமையலறை வரை எல்லாச் சுவர்களுக்கும் ஒரே பிஸ்கட் நிறம். "கண்ணுக்கு இதமாக இருக்கிறதல்லவா?" என்று கேட்டார். காலையில் இதமாகத்தான் இருந்தது. அறைக்கு அறை பார்வை தடைப்படாததால் சிறிய வீடு பெரிதாகவும் தோன்றியது.

மாலையில்தான் சங்கடம். ஊருக்கு மேற்கே மலை. சூரியன் சீக்கிரமே அதன் பின்னால் போய்விடுகிறது. வெள்ளைச் சுவர் மிச்சமிருக்கும் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். நடுத்தர நிறமோ பாதியை விழுங்கிவிடும். பின்கட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த நண்பரின் தாயார் ஐந்து மணிக்கே விளக்கைப் போட்டார்.

சண்டிகரை வடிவமைத்த லெ கார்புசியே, எல்லாச் சுவர்களுக்கும் வெள்ளையடிக்க வேண்டும் என்று 1925-ல் எழுதினார். அவரே 1931-ல் ஒரு சுவர்க்காகித நிறுவனத்துக்கு 43 நிறங்களைத் தேர்ந்து கொடுத்தார். எந்த நிறமும் எல்லா அறைக்கும் பொருந்தாது என்பதற்கு அவரே சாட்சி.

நண்பரின் நிறத்தில் குற்றமில்லை. முன்கூடத்தில் அது இருக்கட்டும். பின்கட்டுக்குச் சுண்ணாம்பு வெள்ளை போதும். வீட்டின் ஒற்றுமை முக்கியந்தான். அந்த அம்மாளின் கண் அதைவிட முக்கியம்.