சாப்பாடு நம்முடையது

இத்தாலியின் போலோனியாவுக்குப் போகிறவர்கள் சாய்ந்த கோபுரங்களையும், மழையில் நனையாமல் ஊரைச் சுற்ற உதவும் தூண் தாழ்வாரங்களையும் எப்படியும் பார்த்துவிடுவார்கள். என் ஓட்டு, குவாத்ரிலாத்தெரோ சந்தையின் ஒரு சந்தில் 1465 முதல் நடந்துவரும் ‘ஓஸ்தெரியா தெல் சோலே’ என்ற மதுக்கடைக்கு. அங்கே சமையலே கிடையாது. குடிக்க மட்டும்தான் தருவார்கள்; சாப்பாட்டை நாமே கொண்டுபோக வேண்டும்.

ஆகவே முதல் வேலை, சந்தையில் மொர்தடெல்லா வாங்குவது. இந்த ஊர் உலகத்துக்குத் தந்த பன்றி இறைச்சிப் பண்டம் அது. இளஞ்சிவப்பில் வெள்ளை வெள்ளையாய்க் கொழுப்பு. சிலவற்றில் பிஸ்தாவும் இருக்கும். காகிதம்போல் சீவச் சொல்லுங்கள். தடியாக வெட்டினால் அது வெறும் கறி, சீவினால்தான் நாக்கில் கரையும். கூடவே ஒரு துண்டு பார்மிஜானோ சீஸ், ரொட்டி.

கடைக்குள் மேசையில் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, ஒரு கிளாஸ் பிஞ்ஞொலேத்தோ வாங்கிக்கொள்ளலாம். பக்கத்துக் குன்றுகளில் விளையும் திராட்சையின் வெள்ளை ஒயின். பெரும்பாலும் லேசாக நுரைக்கும். விலை உயர்ந்த சரக்கல்ல, ஆனால் கொழுப்பின் திகட்டலை ஒரே மடக்கில் கழுவிவிடுகிறது. பன்றி இறைச்சி ஆகாதவர்கள் சீஸோடு உட்காரலாம். யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை.