சுற்றுகளை எண்ணுகிறவர்கள்

ஒரு விளையாட்டு தன் பிறப்பைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதையை அப்படியே நம்பிவிட முடியாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் செம்மண் தடங்களில் வளர்ந்த ஸ்டாக் கார் பந்தயத்துக்கு அப்படி ஒரு பிறப்புக் கதை உண்டு. கள்ளச்சாராயம் கடத்திய ஏழை வெள்ளை இளைஞர்கள், போலீசுக்குத் தண்ணி காட்டி ஓட்டிப் பழகியவர்கள், வேலையில்லாத நாளில் யார் கார் வேகம் என்று தங்களுக்குள் போட்டி போட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தப் பந்தயம் என்பது அந்தக் கதை. இதில் பொய் அதிகமில்லை. இக்கதை உண்மையை எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதுதான் என் கேள்வி. 'கார் ரேஸ்ல என்னய்யா அரசியல் கெடக்கு?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கெடக்கு. சுற்றுகளை எண்ணிக் குறிக்கிற பென்சில் முனையிலேயே கெடக்கு.

ஸ்டாக் கார் என்பது பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட வண்டி அல்ல. கடையில் யாரும் வாங்கக்கூடிய கார். தடமும் புதிதல்ல. மாவட்டச் சந்தைத் திடல்களில் குதிரைப் பந்தயத்துக்குப் போட்டிருந்த அரை மைல், ஒரு மைல் நீள்வட்டங்கள்தான் முதலில் கிடைத்தன. களிமண்ணில் தண்ணீர் தெளித்து இறுக்குவார்கள். கார்கள் ஓட ஓட மண் காயும், பொடியும், பிடிமானம் இடம் மாறும். இடப்பக்கம் வளைகிற திருப்பத்தில் பின்சக்கரங்களைச் சறுக்கவிட்டு, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்துக்கொண்டு போகவேண்டும். இரவில் மலைச் சாலைகளில் பாரத்தோடு பறந்தவர்களுக்கு இது கைவந்த வித்தை. 1932இல் வந்த ஃபோர்டு வி-8 எஞ்சின் மலிவானது, வேகமானது. சாராயப் பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்தால் போலீஸ் கண்டுபிடித்துவிடும் என்பதால் பின் ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். இந்த ஸ்பிரிங்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜியாவின் டாசன்வில் பகுதியைச் சேர்ந்த லாயிட் சே 1941 செப்டம்பர் 1 அன்று அட்லாண்டா லேக்வுட் மண் தடத்தில் வென்றார். மறுநாள், சாராயம் காய்ச்ச வாங்கிய சர்க்கரைக் கணக்குத் தகராறில் உறவினர் ஒருவரே அவரைச் சுட்டுக் கொன்றார். அப்போது வயது 21. அவரது கல்லறைக் கல்லில் அவர் ஓட்டிய ஃபோர்டு கார் செதுக்கப்பட்டிருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இதைப் பற்றி வாசித்தவுடன் நடுகல்தான் நினைவுக்கு வந்தது. ஆநிரை கவர்தலை வெட்சித் திணையாக்கிய நம் இலக்கணக்காரர்கள் அதற்குள் ஒரு கோடு போட்டார்கள். அரசன் ஏவிச் செய்தால் மன்னுறு தொழில். தானாகச் செய்தால் தன்னுறு தொழில். செயல் ஒன்றுதான், யாருடைய கணக்கில் அது எழுதப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். மண் தடத்தின் வரலாற்றை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்: தன்னுறு தொழில் ஒன்றை ஒரு கம்பெனி தன் கணக்கில் எழுதிக்கொண்ட வரலாறாக.

1947 டிசம்பரில் டேடோனா பீச்சின் ஸ்ட்ரீம்லைன் ஓட்டலில் பில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்திலிருந்து நாஸ்கார் உருவானது. 1949 ஜூன் 19 அன்று சார்லட்டின் முக்கால் மைல் மண் தடத்தில், மாற்றம் செய்யாத கார்களுக்கான அதன் முதல் பந்தயம் நடந்தது. முதலில் வந்தவர் கிளென் டனவே. சோதித்துப் பார்த்தார்கள். பின் ஸ்பிரிங்கில் கைவைக்கப்பட்டிருந்தது. அது சாராயம் ஏற்றிய கார். டனவே தகுதி நீக்கப்பட்டார். கன்சாஸிலிருந்து வந்த ஜிம் ரோப்பர் வெற்றியாளர் ஆனார். காரின் சொந்தக்காரர் வழக்குப் போட்டார், தோற்றார். விதிப்படி அது சரியான தீர்ப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இதிலுள்ள முரணைப் பாருங்கள். எந்தத் தொழிலைத் தன் தாய்வழி என்று பின்னாளில் கொண்டாடியதோ, அந்தத் தொழிலின் தடயத்தை வெளியேற்றித்தான் அந்த நிறுவனம் தன் முதல் வெற்றியாளரை அறிவித்தது. கடத்தல்காரனின் கதை வேண்டும், அவன் ஸ்பிரிங் வேண்டாம்.

1961இல் இது இன்னும் அப்பட்டமானது. கர்ட்டிஸ் டர்னரும் டிம் ஃபிளாக்கும் ஓட்டுநர்களை டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் கீழ் திரட்டப் பார்த்தார்கள். பரிசுப் பணத்தில் கூடுதல் பங்கு, ஓய்வூதியம், செத்தால் குடும்பத்துக்கு ஏதாவது — கேட்டது இவ்வளவுதான். டர்னருக்கு சார்லட்டில் தான் கட்டிய பெரிய தடத்தின் கடனை அடைக்கச் சங்கத்தின் பணம் தேவைப்பட்டது என்பதும் உண்மை. தியாகிப் பட்டமெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் தண்டனை எது? இருவருக்கும் வாழ்நாள் தடை. டர்னருக்கு அது 1965இல்தான் நீங்கியது. போலீசை ஏமாற்றினால் நாட்டார் வீரன், முதலாளியிடம் பங்கு கேட்டால் துரோகி. கலகக்காரன் என்ற பிம்பம் எந்தத் திசையில் கலகம் செய்ய அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

இப்போது வெண்டல் ஸ்காட். 1921இல் வர்ஜீனியாவின் டான்வில்லில் பிறந்த கறுப்பர். போரில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தவர், டாக்சி ஓட்டியவர், சாராயம் கடத்தி 1949இல் பிடிபட்டவர். கதைக்கு வேண்டிய அத்தனை அங்க லட்சணங்களும் பொருந்திய ஆள். 1952இல் டான்வில் பந்தயம் நடத்தியவர்கள் கறுப்பு ரசிகர்களின் டிக்கெட் காசுக்காக ஒரு கறுப்பு ஓட்டுநரைத் தேடினார்கள். போலீசிடம் கேட்டார்கள், போலீஸ் ஸ்காட்டின் பெயரைச் சொன்னது. இப்படித்தான் அவர் தடத்துக்குள் வந்தார். ஆனால் நாஸ்கார் பந்தயத்துக்குப் போனபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கறுப்பர்களுக்கு ஓட்டத் தெரியாது என்பதல்ல காரணம். 1924 முதல் 1936 வரை இண்டியானாபோலிஸின் ஒரு மைல் மண் தடத்தில் அவர்கள் தங்களுக்கென்று தனிப் பந்தயமே நடத்தியிருக்கிறார்கள். சார்லி விக்கின்ஸ் அதில் நான்கு முறை வென்றார்.

1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில், அரை மைல் மண் தடம், 200 சுற்று. பர்மிங்காம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்புச் சிறுமிகள் கொல்லப்பட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடைசி 25 சுற்று இருக்கையில் ஸ்காட் ரிச்சர்ட் பெட்டியைத் தாண்டி முன்னால் வந்தார். 200 சுற்று முடித்தார், கொடி விழவில்லை. 201, 202 என்று ஓட்டிக்கொண்டே இருந்தார். கொடி பக் பேக்கருக்கு விழுந்தது, கோப்பையும் அவருக்கே. கூட்டமெல்லாம் கலைந்து மணிக்கணக்கில் ஆன பிறகு, எண்ணிக்கையில் தவறு, ஸ்காட்தான் இரண்டு சுற்று வித்தியாசத்தில் வென்றவர் என்று ஒப்புக்கொண்டார்கள். வென்றவரை அழகி முத்தமிடுவது வழக்கம். வெள்ளைப் பெண் கறுப்பு ஓட்டுநரை முத்தமிடுகிற காட்சியைத் தவிர்க்கத்தான் இந்தத் 'தவறு' என்று ஸ்காட் சொன்னார். அன்றைக்குச் சுற்றுகளைக் கையால்தான் எண்ணினார்கள், தவறு சகஜம் என்று பதில் சொல்லலாம். சகஜம்தான். ஆனால் தவறு எந்தப் பக்கம் சாய்கிறது, எப்போது திருத்தப்படுகிறது என்பது சகஜமல்ல. டனவேயின் ஸ்பிரிங்கைச் சோதிக்கக் கண் இருந்தது. ஸ்காட்டின் இரண்டு உபரிச் சுற்றுகளைப் பார்க்கக் கண் இல்லாமல் போச்சு.

பதினைந்து மாதம் கழித்து, 1965 மார்ச்சில், எஸ்கொயர் இதழில் டாம் வுல்ஃபின் புகழ்பெற்ற கட்டுரை வந்தது. ஜூனியர் ஜான்சன்தான் கடைசி அமெரிக்க நாயகன் என்றது அதன் தலைப்பு. ஜான்சன் பெரிய ஓட்டுநர், சந்தேகமில்லை; 50 பந்தயம் வென்றவர், அப்பாவின் சாராய அடுப்பருகே 1956இல் பிடிபட்டுச் சிறை சென்றவர். வுல்ஃபின் நடை துள்ளலானது. தென்மாநில ஏழை வெள்ளையனை ஏளனம் செய்த நகரத்துப் படிப்பாளிகளுக்கு அது ஒரு நல்ல அறை. என் ஆட்சேபம் அந்தக் 'கடைசி'யின் மேல். கடைசி என்று சொன்னதும் பட்டியல் மூடப்பட்டுவிடுகிறது. ஜான்சனுக்கு 1986இல் அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கினார். 2010இல் நாஸ்கார் புகழ்க்கூடத்தின் முதல் ஐவரில் அவர் ஒருவர். அக்கூடத்தில் அவரே வந்து சாராயம் காய்ச்சும் பானையையும் நிறுவினார். குற்றத்தின் சான்றுப்பொருள் காட்சிப்பொருள் ஆகிவிட்டது. அதே குற்றத்தைச் செய்த, 495 பந்தயம் ஓட்டிய ஸ்காட் 1990இல் இறந்தார். அவர் அக்கூடத்துக்குள் நுழைந்தது 2015இல். நாஸ்கார் அந்த ஜாக்சன்வில் கோப்பையை அவர் குடும்பத்திடம் கொடுத்தது 2021 ஆகஸ்டில்.

இதற்கிடையில் மண் என்ன ஆனது? 1950இல் டார்லிங்டனில் தார்த் தடம் வந்தது, 1959இல் டேடோனா. பணம் அங்கே போனது. 1970 செப்டம்பர் 30 ராலே சந்தைத் திடலில் நடந்ததோடு நாஸ்காரின் உச்சப் பந்தயம் மண்ணைவிட்டு ஏறியது. அடுத்த ஆண்டே சிகரெட் கம்பெனியின் காசு உள்ளே வந்தது. 2021இல் பிரிஸ்டலின் கான்கிரீட் தடத்தின் மேல் லாரி லாரியாக மண் கொட்டி மறுபடி ஓட்டினார்கள். 2023 வரை மூன்று வருஷம் நடந்தது, பிறகு வாரிவிட்டார்கள். மண் இப்போது ஒரு வேஷம். பந்தயங்களில் கூட்டமைப்புக் கொடியைத் தடைசெய்யவும் 2020 ஆக வேண்டியிருந்தது. ஸ்காட்டுக்குப் பிறகு அந்த உச்சப் பந்தயத்தில் ஒரு கறுப்பர் — பப்பா வாலஸ் — வென்றது 2021 அக்டோபரில். ஏறத்தாழ 58 ஆண்டுகள்.

மண் தடம் செத்துவிட்டது என்பதும் மையத்தின் கதையாடல்தான். சின்ன ஊர்களில் சனிக்கிழமை இரவுகளில் இன்றும் களிமண்ணில் தண்ணீர் தெளிக்கிறார்கள், கார்கள் சறுக்குகின்றன. செத்தது அதன்மேல் இருந்த பெருமுதலீட்டின் அக்கறை மட்டும். ஆகவே, கலகக்காரர்களின் கதைகளைத் தேடிப் பதிவு செய்கிற நம் போன்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கையாக இதைச் சொல்ல நினைக்கிறேன். ஒரு நிறுவனம் தன் மூதாதையாக ஒரு கள்வனைக் கொண்டாடும்போது கைதட்டுவதற்கு முன், அவனோடு அதே சாலையில், அதே பாரத்தோடு, அதே போலீசுக்குத் தப்பி ஓடியவர்கள் வேறு யார் என்று கேட்கவேண்டும். அவர்களுடைய சுற்றுகளை யார் எண்ணினார்கள் என்றும்.