தேம்பாவணியில் வளமும் வறுமையும்

தமிழ்க் காப்பியங்களில் நாட்டு வளமும் நகர்ச் சிறப்பும் முன்நிற்க, அரசனோ பெருவணிகனோ தலைவனாக அமைவது பெருவழக்கு. வீரமாமுனிவர் (1680–1747) இம்மரபைக் கைக்கொண்டு, தச்சுத் தொழிலால் வாழ்ந்த சூசையப்பரைத் தேம்பாவணியின் தலைவராக்கினார். செல்வத்தைப் பாடிப் பழகிய வடிவம் ஏழை ஒருவரைப் பாட நேர்ந்த முரண் ஆராயத்தக்கது.

வளன் என்னும் பெயர்

யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் கூட்டித் தருதல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. முனிவர் அதனை ‘வளன்’ எனத் தமிழாக்கினார். உடைமையற்றவர்க்கு இப்பெயர் வழங்கியதால், வளம் என்னும் சொல் நாட்டுப் படலத்து வயல்களிலிருந்து தலைவரின் உள்ளத்திற்கு இடம்பெயர்கிறது. இது காப்பியத்தின் தனிவெற்றி எனலாம்.

எனினும், குழந்தை இயேசுவைக் கோவிலில் ஒப்புக்கொடுத்தபோது புறாக்களே காணிக்கைக்கு உரியவையாகக் குறிக்கப்படுகின்றன (லூக்கா 2:24). ஆட்டுக்குட்டிக்கு வசதியற்றோர்க்கு விதிக்கப்பட்ட காணிக்கை அது (லேவியர் 12:8). ஈண்டு வறுமை குணச்சிறப்பன்று, கையில் பொருளின்மையே. காப்பியத்தின் அணிநடை இக்கடுமையைத் தணித்துவிடுகிறது.

மனநிறைவும் கடமையும்

திருக்குறள் ‘அவா அறுத்தலை’ அறத்துப்பாலின் துறவறவியலிலும், ‘நல்குரவைப்’ பொருட்பாலிலும் வைக்கிறது. விரும்பித் துறத்தல் வேறு, இன்மையால் வாடுதல் வேறு என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும். அவ்விரு பால்களையும் இலத்தீனில் பெயர்த்தவர் முனிவர். ஆயினும், வளனாரின் எளிமை தேம்பாவணியில் பெரிதும் துறவின் ஒளியிலேயே பாடப்படுகிறது. நல்குரவின் துன்பம் பின்தங்குகிறது.

விவிலியம் இவ்விரண்டையும் ஒருங்கே காண்கிறது. எந்நிலையிலும் நிறைவோடிருக்கக் கற்றதாகப் பவுல் பிலிப்பியர்க்கு எழுதியபோது (4:11) அவர் சிறையிலிருந்தார். இன்மையை உற்றவரே உரைத்தமையால் அக்கூற்று வலிமை பெறுகிறது. அதனையே செல்வர் ஏழைக்கு உரைப்பின் அறிவுரை ஆகாது, வாயடைப்பாகவே முடியும். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் மடல், மனநிறைவைப் போற்றும் அதே அதிகாரத்தில் (6:6), செல்வர் பகிர்ந்தளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது (6:18). முன்னதை மட்டும் எடுத்துப் பின்னதை விடுவது அம்மடலின் கருத்தைத் திரிப்பதாகும்.

நிறைவாக

ஏழைத் தொழிலாளர் ஒருவரைக் காப்பியத் தலைமைக்கு உயர்த்தியது தேம்பாவணியின் நிலைபேறுடைய பங்களிப்பு. வளனாரின் மனநிறைவு அவர்தம் மேன்மைக்குச் சான்றாகுமேயன்றி, பிறர் வறுமையைப் பொறுத்துக்கொள்வதற்குச் சான்றாகாது. இவ்வேறுபாட்டை உட்கொண்டு பயிலும்போதே அக்காப்பியத்தின் அறம் முழுமையுறும்.