புண்படுத்தும் எழுத்தும் பொய்ச்சாட்சியும்

பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் திருச்சபையினராகிய நாம் இருவேறு குரல்களில் பேசி வருகிறோம். ஆளுவோர் பத்திரிகையின் வாயை அடைக்க முற்படும்போது, தீர்க்கதரிசிகளின் வழிவந்தவர்கள் நாம் என்பதை நினைவுகூர்ந்து கண்டிக்கிறோம். நம் விசுவாசத்தைப் புண்படுத்தும் நூலோ திரைப்படமோ வெளிவரும்போது, அதே ஆளுவோரிடம் சென்று தடை விதிக்கும்படி வேண்டுகிறோம். 2006-ஆம் ஆண்டில் 'டா வின்சி கோட்' திரைப்படத்திற்குத் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டபோது நம்மில் பலர் மகிழ்ந்தோம். அத்தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியபோது வருந்தினோம். இவ்விரு குரல்களையும் இணைக்கும் கொள்கை ஏதேனும் நம்மிடம் உண்டா? அல்லது, பிறரைப் புண்படுத்தும் உரிமை நமக்கும், புண்படாதிருக்கும் உரிமையும் நமக்கே என்று எண்ணுகிறோமா?

இவ்வினாவை நம்மைச் சாராத ஒரு வழக்கின் வாயிலாக ஆராய்வது நன்று. சொந்தக் காயம் இல்லாத இடத்தில் கண் சற்றுத் தெளிவாகப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் 2011-ஆம் ஆண்டு தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு வழக்கு இதற்குப் பொருத்தமானது. அங்கு விசாரணைக்கு வந்தவை செய்திகள் அல்ல, கருத்துக் கட்டுரைகள்.

1. கட்டுரைகளும் அவற்றின் நடையும்

மெல்போர்ன் நகரிலிருந்து வெளிவரும் 'ஹெரால்ட் சன்' நாளிதழில் ஆண்ட்ரூ போல்ட் என்னும் பத்தி எழுத்தாளர் 2009-ஆம் ஆண்டு ஏப்ரல், ஆகஸ்டு மாதங்களில் இரு கட்டுரைகள் எழுதினார். வெளிர்நிறம் கொண்ட சிலர், ஐரோப்பிய முன்னோரும் தங்களுக்கு இருக்க, பழங்குடியினர் என்னும் அடையாளத்தையே தெரிந்துகொள்கின்றனர். அதனால் பதவிகளும் பரிசுகளும் பெறுகின்றனர் என்பது அவற்றின் சாரம்.

வரலாற்றில் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட உதவிகள் யாரைச் சேரவேண்டும் என்று கேட்பது தவறன்று. மக்களாட்சியில் அது கேட்கப்படவேண்டிய வினாவே. ஆனால் போல்ட் அவ்வினாவை ஒரு கொள்கையாக வைத்து வாதிக்கவில்லை. உயிரோடு வாழும் மனிதர்களைப் பெயர் சொல்லி வரிசையாக நிறுத்தி, அவர்கள் நிறத்தைச் சுட்டி எள்ளி நகையாடி, அவர்கள் உள்நோக்கம் இன்னதென்று தாமே அறுதியிட்டார். வாதத்திற்குச் சான்று வேண்டும், ஏளனத்திற்கு வேண்டுவதில்லை. வாசகன் நகைத்துவிட்டானாயின் சான்றைக் கேட்க மறந்துவிடுகிறான். இத்தகைய எழுத்தின் வலிமையும் ஆபத்தும் இதுவே.

சான்றைத் தேடியபோது வெளிப்பட்டது என்ன? ஒருவருடைய தந்தையை ஜெர்மானியர் என்று கட்டுரை குறிப்பிட்டது. உண்மையில் அத்தந்தை பழங்குடியினத்தவர். அடையாளத்தைப் பின்னாளில் தெரிந்துகொண்டதாகக் கூறப்பட்டவர்கள், தங்கள் சிறுபிராய முதலே அவ்வாறு வளர்க்கப்பட்டவர்கள் என்பது நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது. ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்திருக்கக்கூடிய செய்திகள் இவை.

இக்கட்டுரைகள் ஏன் அவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தின என்பதை அறிய அந்நாட்டின் வரலாற்றை நோக்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டில், 1970-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் வரை, பழங்குடிக் குழந்தைகள், குறிப்பாகக் கலப்பு வழியில் பிறந்த வெளிர்நிறக் குழந்தைகள், பெற்றோரிடமிருந்து அரசினால் பிரிக்கப்பட்டனர். அவர்களில் பலர் வளர்க்கப்பட்ட இல்லங்களைத் திருச்சபைகளும் மிஷன்களும் நடத்தின என்பது நாம் தலைகுனிந்து ஏற்கவேண்டிய உண்மை. இக்கொடுமையை ஆராய்ந்த அறிக்கை 1997-இல் வெளியாயிற்று. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அடுத்த ஆண்டே இக்கட்டுரைகள் எழுதப்பட்டன. நிறத்தைப் பார்த்து, "நீ அவர்களைச் சேர்ந்தவன் அல்லன்" என்று முன்பு அதிகாரி சொன்னான். இப்போது பத்தி எழுத்தாளர் சொன்னார்.

2. தீர்ப்பும் அதன் குறைநிறைகளும்

ஒன்பது பழங்குடியினரின் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. 1975-ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுச் சட்டத்தில் 1995-இல் சேர்க்கப்பட்ட 18-சி பிரிவு, ஒருவரை இனம், நிறம் காரணமாகப் புண்படுத்துவதும், இழிவுபடுத்துவதும், சிறுமைப்படுத்துவதும், அச்சுறுத்துவதும் சட்டத்திற்கு மாறானவை என்கிறது. அடுத்து வரும் 18-டி பிரிவு, நியாயமான முறையிலும் நல்லெண்ணத்தோடும் வெளியிடப்படும் கருத்துக்கு விலக்கு அளிக்கிறது.

2011 செப்டம்பர் 28 அன்று கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி மொர்டெக்காய் ப்ரோம்பெர்க், போல்ட்டும் நாளிதழும் சட்டத்தை மீறினர் என்று தீர்ப்பளித்தார். இன அடையாளத்தின் மெய்ம்மையை வினவும் கட்டுரைகளை எழுதுவதே குற்றம் என்று அவர் கூறவில்லை. அவ்வாறு பொருள்கொள்ளலாகாது என்றே தெளிவுபடுத்தினார். உண்மைக்கு மாறான செய்திகளும், உண்மையைத் திரித்த முறையும், தூண்டிவிடும் மொழியும் சேர்ந்திருந்ததால் 18-டி பிரிவின் விலக்கு கிட்டாது என்பதே அவர் காட்டிய காரணம். எவரும் சிறை செல்லவில்லை. இழப்பீட்டுத் தொகையும் விதிக்கப்படவில்லை. தீர்ப்பைப் பற்றிய அறிவிப்பை நாளிதழ் வெளியிடவேண்டும் என்பதே முக்கியக் கட்டளை.

இத்தீர்ப்பு பேச்சுரிமைக்குச் சாவுமணி என்று ஒரு சாரார் கூக்குரலிட்டனர். 2014-இல் அட்டர்னி ஜெனரல் ஜார்ஜ் பிராண்டிஸ், தப்பெண்ணம் கொண்டவராய் இருக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்னும் பொருள்படப் பேசினார். சட்டத்தைத் திருத்த அரசு எடுத்த முயற்சி அவ்வாண்டே கைவிடப்பட்டது. மறுசாரார், புண்பட்டவர்களின் வேதனையையே முதன்மையாக எடுத்துரைத்தனர். இரு சாராரும் உணர்ச்சியைப் பற்றியே பேசினர். உண்மையைப் பற்றிப் பேசியோர் குறைவு.

என் கருத்தில், சட்டத்தின் சொற்களுள் 'புண்படுத்துதல்' என்பது மிக விரிந்த சொல். மனம் புண்படுவதை அளக்க அளவுகோல் இல்லை. எளிதில் புண்படுவோர் பெரும்பாலும் எளியோரும் அல்லர். ஆயினும் தீர்ப்பு அச்சொல்லோடு நின்றுவிடாமல், எழுதியவை உண்மையா, உண்மையை அறிய எழுதியவர் முயன்றாரா என்று வினவியது. அவ்வினாவினால்தான் தீர்ப்பு மதிப்புப் பெறுகிறது.

3. திருமறையின் நோக்கு

புண்படுத்தும் பேச்சைத் திருமறை முற்றிலும் விலக்குவதில்லை. பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியா, ஆமோசின் வார்த்தைகளைத் தேசம் தாங்கமாட்டாது என்று அரசனுக்கு முறையிட்டான் (ஆமோஸ் 7). எரேமியாவின் புத்தகச்சுருளை யோயாக்கீம் அரசன் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் எரித்தான். பாருக்கின் கையால் அது மறுபடியும் எழுதப்பட்டது (எரேமியா 36). வேதம் அச்சுருளின் பக்கமே நிற்கிறது, அரசனின் கணப்பின் பக்கம் அன்று.

ஆனால் அதே திருமறை பொய்ச்சாட்சியைப் பத்துக் கற்பனைகளுள் ஒன்றால் விலக்குகிறது. எபிரேய மூலத்தில், யாத்திராகமம் 20:16 'ஷெக்கெர்', அதாவது பொய் என்னும் சொல்லை ஆள, உபாகமம் 5:20 'ஷாவ்', அதாவது வெறுமை, வீண் என்னும் சொல்லை ஆளுகிறது. அறிந்தே கூறும் பொய் மட்டுமன்று, ஆராயாமல் வீணாக உரைக்கும் சாட்சியும் இங்கு அடங்கும் எனலாம். தாம் பொய் சொல்லவில்லை, கருத்துச் சொன்னதாகவே கூறும் பத்தி எழுத்தாளரை இந்த இரண்டாம் சொல்லே தடுத்து நிறுத்துகிறது. கருத்து என்னும் போர்வைக்குள் ஒரு செய்தி இருந்தால், அச்செய்திக்கு அவர் சாட்சியாகிறார்.

நாபோத்தின் வரலாறு (1 இராஜாக்கள் 21) இரண்டு ஆபத்துகளையும் ஒருங்கே காட்டுகிறது. அவன்மீது சுமத்தப்பட்ட குற்றம் யாது? தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்பது, அதாவது புண்படுத்தும் பேச்சு. அவனைக் கொன்றது யாது? இருவரின் பொய்ச்சாட்சி. புண்படுத்தும் பேச்சைத் தண்டிக்கும் சட்டம் வலியோர் கையில் ஆயுதமாயிற்று. பொய்ச்சாட்சிக்கு எளியோன் பலியானான். ஆகவே எல்லைக்கோட்டைப் புண்படுத்தும் பேச்சில் இட்டால் நாபோத்துக்குப் பாதுகாப்பில்லை. பொய்ச்சாட்சியில் இட்டால் பாதுகாப்பு உண்டு.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று இதை விளக்கும். 1987-இல் 'ஆனந்த விகடன்' தன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் திருடரோடு ஒப்பிடும் நகைச்சுவைச் சித்திரம் ஒன்றை வெளியிட்டது. அவை உரிமை மீறப்பட்டதாகக் கூறிச் சட்டப்பேரவை ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எங்கும் எதிர்ப்பு எழவே சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அச்சித்திரமும் புண்படுத்தியது, போல்ட்டின் கட்டுரைகளும் புண்படுத்தின. ஆயினும், சித்திரம் எவர் பெயரையும் கூறவில்லை. எவரைப் பற்றியும் பொய்ச்செய்தி உரைக்கவில்லை. புண்பட்டவர்களே அங்கு நீதிபதிகளாகவும் அமர்ந்தனர். கட்டுரைகளோ பெயர் கூறின. பொய்யான செய்திகளை உரைத்தன. தீர்ப்பளித்தது இரு தரப்பையும் சாராத நீதிமன்றம். இவ்வேறுபாட்டைக் காணத் தவறினால், நாம் இரண்டையும் தடைசெய்வோம், அல்லது இரண்டையும் போற்றுவோம்.

4. நம் வீட்டுக் கணக்கு

இறுதியாக, நம் பேனாவையும் சோதித்துப் பார்ப்பது முறை. திருமண்டலத் தேர்தல் காலங்களில் நம்மிடையே உலாவரும் துண்டுப் பிரசுரங்களை அறியாதார் யார்? நான் போதகனாய் இருந்த ஒரு சபையில், 'ஒரு விசுவாசி' என்று மட்டும் கையொப்பமிட்ட பிரசுரம் ஒன்று, பொருளாளரின் வீடு எந்தப் பணத்தில் எழும்பியது என்று வினவியது. குற்றம் சாட்டவில்லை, வினவியது, அவ்வளவே. கணக்குகளை ஆராய்ந்தோம். குறை ஒன்றும் இல்லை. அதைப் பீடத்தருகே நின்று நான் அறிவித்தேன். ஆனால் பிரசுரத்தைப் படித்தவர்கள் அனைவரும் அன்று ஆலயத்தில் இருக்கவில்லை. அக்குடும்பம் அவ்வாண்டிலேயே வேறு சபைக்குச் சென்றுவிட்டது. அப்பிரசுரத்தை எழுதியவர் யார் என்பதை ஏறக்குறைய அறிந்திருந்தும், சபையின் சமாதானத்தைக் கருதி அவரிடம் நான் கேட்கவில்லை. அது சமாதானம் அன்று, கோழைத்தனம் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

ஆகவே நம் சபை இதழ்களின் ஆசிரியர்களும், எழுதப் பயிலும் இறையியல் மாணவரும் மூன்று வினாக்களைக் கைக்கொள்வது நலம். எழுதுவது உண்மை என்பதை நானே விசாரித்து அறிந்தேனா? யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவருக்கு மறுமொழி கூற இதே பக்கத்தில் இடம் உண்டா? என் பெயரை அடியில் இட ஆயத்தமாயிருக்கிறேனா? இவற்றுக்கு ஆம் என்று விடை கூற முடியுமாயின், பேராயரே புண்பட்டாலும் அக்கட்டுரை வெளிவரட்டும். முடியாதெனின், சபையார் யாவரும் அதைப் படித்துக் களித்தாலும் அது மேசையறைக்குள்ளேயே இருக்கட்டும்.

நம் விசுவாசத்தை ஏளனம் செய்யும் படைப்பு மறுமுறை வெளிவரும்போதும் இதுவே நம் அளவாகட்டும். அதில் பொய் இருப்பின் சான்றோடு மறுப்போம். ஏளனம் மட்டுமே இருப்பின் பொறுப்போம். சிலுவையின்கீழ் ஏளனம் செய்தோரின் வாயை அடைக்கும்படி நம் ஆண்டவர் எந்த அதிபதியையும் வேண்டவில்லை.