வேகமும் செம்மையும்: ஒலிக்காப்பகங்களில் மீள்மாதிரியாக்கம் குறித்த ஒரு திறனாய்வு

சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர், அதனைப் பெயர்த்தெழுதியவரின் கையை ஐயுறுவார். ஒலிப்பதிவை ஆராயும் மொழியியலாளரோ அப்பதிவின் மாதிரி வீதத்தை மாற்றித் தந்த மென்பொருளை ஐயுறுவதில்லை. பேச்சுத் தமிழ் ஆய்வுக்கு ஒலிக்காப்பகங்களே மூலச்சான்றுகளாகிவரும் இக்காலத்தில் இப்போக்கு மறுபரிசீலனைக்குரியது.

நொடிக்கு 96,000 மாதிரிகளாகப் பதிவான ஓர் இசைத்தட்டு, பேச்சறிதல் மென்பொருளுக்காக 16,000 மாதிரிகளாகக் குறைக்கப்படுவதாகக் கொள்வோம். புதிய வீதம் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைத் தாங்காது. அவற்றை முன்னரே வடிகட்டாமல் ஆறு மாதிரிகளுக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது மிக விரைவான வழி. ஆயினும் அவ்வாறு செய்யின் 13,000 ஹெர்ட்ஸில் இருந்த ஒலி 3,000 ஹெர்ட்ஸில் போலியாகத் தோன்றும். மின்வழிப் பதிவு 1925இல் வருவதற்கு முந்திய தட்டுகளில் குரல் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். தட்டின் கீறலிரைச்சலோ அதற்கு மேலும் பரவியிருக்கும். அவ்விரைச்சல் மடிந்து குரலின்மேல் படிந்த பின் அதனைப் பிரித்தெடுக்க இயலாது.

வடிகட்டுதலிலும் படிநிலைகள் உண்டு. எரிக் டி காஸ்ட்ரோ லோபோ உருவாக்கிய ‘லிப்சாம்பிள்ரேட்’ வேகம், நடுத்தரம், சிறப்பு என மூன்று வடிப்பிகளை வழங்குகிறது. வேகமான வடிப்பி காக்கும் அலைப்பரப்பு 80 விழுக்காடே. 16,000 மாதிரி வீதத்தில் அது 6,400 ஹெர்ட்ஸ் ஆகும்.

இவ்விழப்பு எவ்வெழுத்தைத் தாக்கும்? தமிழின் தனிச்சிறப்பு எனப் போற்றப்படும் ழகரத்தை அன்று. தாழ்ந்துவரும் மூன்றாம் ஒத்ததிர்வே ழகரத்தின் முதன்மை அடையாளம்; அது தொலைபேசியின் குறுகிய அலைப்பரப்பிலும் பெரும்பாலும் தப்பிவிடும். பாதிக்கப்படுவது சகரமே. அதன் உரசொலி வடிவத்தின் ஆற்றல் பெரிதும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலும், பெண்கள், சிறார் குரல்களில் 6,000 ஹெர்ட்ஸைக் கடந்தும் பரவுகிறது. சொன்முதற் சகரத்தை உரசொலியாக ஒலிப்பதா, வெடிப்புரசொலியாக ஒலிப்பதா என்பது வட்டாரத்தையும் சமூகப் பின்னணியையும் காட்டவல்லது. எனவே மங்குவது கிளைமொழிச் சான்று.

வேகத்திற்காக இவ்விலை கொடுப்பது தகுமா? ஒரு மணிநேரப் பதிவு 16,000 வீதத்தில் 5.76 கோடி மாதிரிகளாகும். மாதிரி ஒன்றுக்கு 384 பெருக்கல்கள் எனக் கொண்டாலும் மொத்தம் ஏறத்தாழ 2,212 கோடி. இன்றைய சாதாரணக் கணினிக்கு அது சில நொடிப் பணி. நேரலை ஒலிபரப்பிலும், பல ஒலித்தடங்களை உடனுக்குடன் கலக்கும் பணியிலும் வேகம் இன்றியமையாதது. ஒருமுறை மட்டும் மாற்றி நெடுங்காலம் பேணும் காப்பகத்திற்கு அவ்வாதம் பொருந்தாது.

எனினும் ‘சிறப்பு’ என்னும் பெயரையும் அப்படியே ஏற்றல் கூடாது. கூர்மையாக வெட்டும் சமச்சீர் வடிப்பி, டகர வெடிப்புக்கு முன்னரே மெல்லிய அதிர்வொன்றை உண்டாக்கக்கூடும். வெடிப்பின் தொடக்கத்தை மில்லிநொடியில் அளப்பவருக்கு அது பிழையாகும். அலைவெண்ணில் பெறும் கூர்மைக்குக் காலத்தில் விலை தரவேண்டியுள்ளது. செம்மை என்பது ஆய்வின் நோக்கத்தைச் சார்ந்ததே.

ஆகவே மூலப்பதிவை மாற்றாது பேணுதலும், ஒவ்வொரு படியிலும் மூலவீதம், புதுவீதம், மென்பொருள், வடிப்பி ஆகியவற்றைக் குறித்துவைத்தலும் காப்பகங்களின் கடமையாகும். பாடவேறுபாடு சுட்டாத பதிப்பை ஏற்காத தமிழாய்வுலகம், ஒலிச்சான்றிலும் அதே கண்டிப்பைக் காட்டுதல் வேண்டும்.