பாட்டை விலக்கிய சங்கீதக்காரர்

'வீணை' எஸ். பாலசந்தர் என்றுதான் எழுதுகிறோம். அடைமொழியை விட்டுவிட்டால் கே. பாலசந்தரோடு குழப்பிக்கொள்வார்கள் என்பது சரி. ஆனால் அந்த அடைமொழி சத்தமில்லாமல் இன்னொரு காரியத்தையும் செய்துவிடுகிறது. 1934லிருந்து 1970வரை சினிமாவில் இருந்த ஒருவரின் முப்பத்தைந்து வருஷங்களைத் துடைத்துவிடுகிறது. சபாக்காரர்களுக்கு அவருடைய சினிமா, பெரிய மனுஷர் ஒருவரின் வாலிபக் காலத்துச் சேஷ்டை. சினிமாக்காரர்களுக்கு அவருடைய வீணை ஒரு கௌரவப் பட்டம். இரண்டையும் சேர்த்துச் சொல்லியே ஆகவேண்டும் என்று வந்தால் 'சகலகலா வல்லவர்' என்று எழுதி ஒப்பேற்றிவிடுகிறார்கள். ஒரு மனிதரைப் பற்றி யோசிக்காமல் இருக்க இதைவிட சௌகரியமான வார்த்தை கிடைக்காது.

என் அபிப்பிராயம் இது: 'அந்த நாள்' (1954) ஒரு சங்கீதக்காரர் எடுத்த படம். அதிலிருந்து பாட்டை அடியோடு விலக்க சங்கீதம் தெரிந்த ஒருவரால்தான் முடிந்திருக்கும். அவர் வீணையில் செய்ததும் சினிமாவில் அந்த ஒரு தடவை செய்ததும் ஒரே சுபாவத்தின் காரியங்கள்.

அவர் எப்படிப்பட்ட சினிமாவுக்குள் நுழைந்தார் என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிரபாத் கம்பெனியின் 'சீதா கல்யாணம்' (1934). அண்ணன் எஸ். ராஜம் ராமர், சகோதரி ஜெயலட்சுமி சீதை, தகப்பனார் சுந்தரமய்யர் ஜனகர். உடன்பிறந்தவர்களை ஜோடியாக நடிக்கவைத்தார்கள் என்று அப்போது முணுமுணுப்பு எழுந்தது. பாபநாசம் சிவன் சினிமாவுக்கு வந்ததும் இந்தப் படத்தில்தான். ஏழு வயதுப் பாலசந்தர் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கிற பையன். அதாவது அவருடைய முதல் நடிப்பே வாசிப்புதான். அந்தக் காலத்துப் படங்களில் நாற்பது, ஐம்பது பாட்டுகள் சர்வசாதாரணம். பாட்டு வந்தவுடன் கதை நின்று வழிவிடும். பாடுகிறவர் முடித்து மூச்சு வாங்கிய பிறகு கதை மறுபடி எழுந்து நடக்கும். இதைச் சங்கீதத்தின் பொற்காலம் என்று இன்றும் உருகுகிறவர்கள் உண்டு. அது சங்கீதத்துக்கும் நல்லதில்லை, சினிமாவுக்கும் நல்லதில்லை. இரண்டும் ஒன்றையொன்று காத்துக்கிடந்தன, அவ்வளவுதான்.

வீணையை அவர் குரு இல்லாமல் கற்றார். கஞ்சிரா, தபலா, ஹார்மோனியம், சிதார் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வீணையிடம் வந்து நின்றார். இடையில் 'இது நிஜமா' (1948) படத்தில் இரட்டை வேஷம், இசையும் அவரே. 'ராஜாம்பா'ளில் (1951) வில்லன். நடிகராக அவரை நான் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் பேசாமல் நிற்கவேண்டும் என்பது தெரிந்தவர். அன்றைய தமிழ் நடிகர்களிடையே இது சொற்பமான குணமல்ல.

1954க்கு வருவோம். அந்த வருஷம் ஏவி.எம். நிறுவனத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று 'பெண்' என்ற படம். அதில் பாலசந்தர் நடித்தார். அவருக்கு ஒரு பாட்டு உண்டு. பின்னணியில் பாடியவர் சந்திரபாபு. குதூகலமான பாட்டு, இன்றும் ரேடியோவில் கேட்கலாம். சங்கீதமே ரத்தத்தில் ஓடுகிற ஒரு மனிதர் இன்னொருவர் குரலுக்கு வாயசைத்துக்கொண்டு நிற்கிறார். இதில் அவமானம் ஏதுமில்லை, அதுதான் தொழில். ஆனால் அதே நிறுவனத்தில், அதே வருஷம், அவர் டைரக்ட் செய்து வெளிவந்த 'அந்த நா'ளில் பாட்டே கிடையாது, நடனம் கிடையாது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

படம் துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. 1943இல் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள். ரேடியோ என்ஜினீயர் ராஜன், படம் ஆரம்பித்த மாத்திரத்தில் செத்து விழுகிறான். 'பராசக்தி' வந்து இரண்டே வருஷத்தில் சிவாஜி கணேசனைத் தேசத்துரோகியாக, அதுவும் முதல் காட்சியிலேயே சாகிறவனாகக் காட்ட ஒரு தைரியம் வேண்டும். ஜாவர் சீதாராமன் எழுத்தும் மாருதி ராவின் இருட்டும் நிழலும் படத்துக்கு இரண்டு தூண்கள். 'ரஷோமான்' பார்த்த பாதிப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ரஷோமானின் சாரத்தை இவர் எடுத்துக்கொள்ளவில்லை. குரோசாவாவிடம் உண்மை கடைசிவரை யாருக்கும் அகப்படுவதில்லை, இங்கே அகப்பட்டுவிடுகிறது. சுட்டது யார் என்பது தெரிந்து, தேசபக்தி நிரூபணமாகி, கணக்குத் தீர்ந்துவிடுகிறது. சந்தேகத்தையே முடிவாக விட்டுப்போக நம் சூழல் அன்று அனுமதித்திருக்காது என்று சமாதானம் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். படத்தின் பெரிய பலவீனம் அதுதான்.

ஆனால் ரஷோமானில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. குரோசாவா படத்தில் பெண்ணின் வாக்குமூலத்தின்போது ஹயசாகா, ராவெலின் பொலேரோவை ஒட்டிய ஒரு நீண்ட இசையை ஓடவிடுகிறார். காட்சியைத் தூக்கிப் பிடிப்பது அந்த இசைதான். சங்கீதக்காரரான பாலசந்தர் அந்த இடத்தைக் கவனிக்காமல் விட்டிருக்க மாட்டார். கவனித்தும் அந்த வழியில் போகவில்லை. ஒவ்வொரு சாட்சியின் வாக்குமூலத்தையும் அதற்குரிய பேச்சின் வேகம் தாங்குகிறது. பதற்றம், நிதானம், வாய் தவறல் என்று ஆளுக்கொரு கதி. பாட்டு வரவேண்டிய இடங்கள் நமக்குத் தெரிகின்றன — நாட்டியக்காரி அம்புஜம் வருகிற இடத்தில் எந்தப் படமுதலாளிக்கும் கை பரபரத்திருக்கும். அங்கேயும் ஒன்றும் வருவதில்லை. வராததை நம் காது கேட்கிறது. படத்துக்கு மத்திய அரசின் நற்சான்றிதழ் கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை.

இப்போது வீணைக்கு வருகிறேன். பழக்கமான வழி, சுரத்துக்குச் சுரம் மெட்டு மாறி மீட்டுவது. பாலசந்தர் ஒரு மெட்டிலேயே நின்று தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அந்த ஒரே மீட்டில் மூன்று, நான்கு சுரங்களை வரவழைப்பார். விரல் தாவவில்லை, நாதம் நகர்கிறது. வாய்ப்பாட்டுக்காரனின் மூச்சு போல அது நீண்டு, தேய்ந்து, அணைகிறது. அணைந்த பிறகு உடனே அடுத்ததை மீட்டமாட்டார். அந்த இடைவெளியில்தான் ராகம் உட்காருகிறது. இந்த இழுப்பு அதீதம், வித்தை காட்டல், வீணையின் சுபாவத்துக்கு விரோதம் என்றெல்லாம் சொன்ன ரசிகர்கள் உண்டு. தனம்மாள் வழியில் ஊறிய காதுக்கு அப்படித்தான் படும். எனக்கும் சில ஆலாபனைகளில் இழுப்பு இழுப்புக்காகவே வருவதாகத் தோன்றியிருக்கிறது. ஆனாலும் அந்த மௌனத்தை நம்பியவரால்தான் பாட்டில்லாத படத்தையும் நம்ப முடிந்தது. இட்டு நிரப்புவதற்குச் சங்கீதம் பஞ்சு அல்ல என்பது அவருக்குத் தெரியும்.

சோகம் எங்கே என்றால், அந்த நம்பிக்கையை அவர் சினிமாவில் தொடரவில்லை. 'அவனா இவன்' (1962) படத்தில் பாட்டு திரும்பி வந்துவிட்டது. 'பொம்மை'யில் (1964) டைரக்‌ஷன், இசை, நடிப்பு எல்லாம் அவரே. ஏசுதாஸைத் தமிழுக்குக் கொண்டுவந்த பாட்டு அதில்தான். பாட்டு நல்ல பாட்டு. ஆனால் பொம்மைக்குள் குண்டு வைத்த கதையில் பாட்டுக்கு என்ன வேலை என்று 'அந்த நாள்' எடுத்தவர் கேட்டிருக்க வேண்டாமா? படத்தின் கடைசியில் தொழில்நுட்பக் கலைஞர்களை ஒவ்வொருவராகத் திரையில் நிறுத்தி அறிமுகப்படுத்துகிறார். அழகான செயல். அந்த மரியாதைதான் அவரை மற்ற முதலாளி-டைரக்டர்களிடமிருந்து பிரிக்கிறது. 1970இல் 'நடு இரவில்' வெளியான பிறகு சினிமாவை விட்டே போய்விட்டார். சமரசம் செய்துகொண்டு இருப்பதைவிடப் போய்விடுவது மேல் என்று நினைத்திருக்கலாம். எப்படியானாலும் நஷ்டம் நமக்கு.

பிறகு முழுக்க வீணைதான். 72 மேளகர்த்தா ராகங்களையும் வாசித்துப் பதிவு செய்தார். 1982இல் பத்மபூஷண். கூடவே சண்டைகள்: பாலமுரளி கிருஷ்ணாவின் புதிய ராகங்கள் பற்றி ஒன்று, சுவாதித் திருநாள் என்ற வாக்கேயக்காரரே புனைவு என்று 1980களில் மற்றொன்று. இரண்டாவதில் அவர் வாதம் எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் தன் பணத்தைச் செலவழித்து, சக வித்வான்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டு, ஒரு விஷயம் நிஜமா பொய்யா என்று ஒருவர் இத்தனை வேகத்தோடு கேட்டது சங்கீத உலகத்தில் அபூர்வம். இருபத்தொரு வயதில் 'இது நிஜமா' என்ற படத்தில் நடித்தவர் அல்லவா!

1990 ஏப்ரலில் பிலாயில் காலமானார். பாட்டில்லாத படம் என்ற யோசனை அவரோடு போய்விடவில்லை. ஜெயகாந்தன் 'உன்னைப்போல் ஒருவன்' (1965) எடுத்தபோது இசைக்கு அழைத்தது சிட்டிபாபுவை, அவரும் வைணிகர். பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பை வைத்துக்கொண்டே நடந்தது. இவர்களில் யாரும் பாலசந்தரைப் பின்பற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'அந்த நாள்' பற்றி எழுதும்போதெல்லாம் வீணையை மறந்துவிடுகிறோம். வீணை பற்றி எழுதும்போது 'அந்த நா'ளை. அவருடைய பழைய இசைத்தட்டு எதையாவது கேட்டுவிட்டு அன்று இரவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். அந்த வரிசையில்தான் நான் பார்த்தேன்.