சான்ட்ரோ போய் எக்ஸ்டர் வந்த கதை

2023 ஜூலை 10 அன்று ஹூண்டாய் எக்ஸ்டர் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 5,99,900 ரூபாய். விளம்பரத்தில் அது ஒரு எஸ்யூவி. அதற்கு மறுநாள் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, எந்த வண்டிக்கு 22 சதவீத செஸ் போடுவது என்று தெளிவுபடுத்தியது. நீளம் 4 மீட்டரைத் தாண்டணும், எஞ்சின் 1500 சிசியைத் தாண்டணும், ஆள் ஏறாத வண்டிக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது 170 மி.மீ. இடைவெளி இருக்கணும். மூன்றும் சேர்ந்து இருக்கணும். கம்பெனி அந்த வண்டிக்கு என்ன பேர் வச்சிருக்குங்கறது கணக்கிலேயே கிடையாது.

எக்ஸ்டரின் நீளம் 3815 மி.மீ., எஞ்சின் 1.2 லிட்டர். ஆக ஷோரூமில் எஸ்யூவி, வரிக் கணக்கில் சின்ன கார். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு நாளுக்குள் நடந்த இந்த இரண்டு விஷயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இந்தப் பதிவை எழுதத் தோன்றியது.

சான்ட்ரோவிலிருந்து ஆரம்பிக்கலாம். 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவந்த ஹூண்டாயின் முதல் இந்திய கார். வெளிநாட்டில் ஆடோஸ், இங்கே சான்ட்ரோ. கூரை உயரமான, பார்க்கக் கொஞ்சம் விநோதமான வண்டி. ஷாருக் கான் வந்து விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் அந்த உயரம்தான் அதன் குணம். புடவை கட்டிய அம்மாவும் முழங்கால் வலிக்காரத் தாத்தாவும் குனியாமல் ஏறி உட்காரலாம். 2014 இறுதியில் நிறுத்தினார்கள்.

2018இல் புதுச் சின்ன கார் ஒன்றை, ஏஹெச்2 என்ற குறிப்பெயரில், கொண்டுவரும்போது என்ன பெயர் வைக்கலாம் என்று மக்களிடமே போட்டி வைத்துக் கேட்டார்கள். வந்த பதில் சான்ட்ரோ. அந்தப் பெயரிலேயே 3,89,900 ரூபாயில் விற்பனைக்கு வந்தது. உயரமான கூரை, எளிதான ஏற்றம் எல்லாம் இருந்தது. என் வேலையில் இதை இன்டர்ஃபேஸ் என்போம்: உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்று, வெளியே கொடுத்த வாக்கை மாற்றாதே. 2018 சான்ட்ரோ அந்த வாக்கைக் காப்பாற்றியது என்பதே என் கருத்து. ஆனால் நான்கு வருஷம்கூட ஓடவில்லை. 2022இல் மறுபடி மூட்டை கட்டினார்கள்.

வாக்கை உடைத்த உதாரணம் வேண்டுமென்றால் மாருதி ஜென். 1993இல் வந்த ஜென் தாழ்வான, துறுதுறு வண்டி, ஓட்டுவதற்காகவே வாங்கியவர்கள் அதிகம். 2006இல் அதை நிறுத்திவிட்டு அதே வருஷ இறுதியில் ஜென் எஸ்டிலோ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வேகன் ஆர் ஜாதி, உயரமான உடம்பு. ஜென்னுக்கும் அதுக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. 2009இல் முகப்பை மாற்றியபோது பெயரிலிருந்து ஜென் என்பதையே எடுத்துவிட்டார்கள். வெறும் எஸ்டிலோ. ஒரு நல்ல பெயரைச் செலவழித்துத் தீர்ப்பதற்கு மூன்று வருஷம் போதும்.

எக்ஸ்டர் இதற்கு நேர் எதிர்த் தந்திரம். பெயர் முழுக்கப் புதுசு, உள்ளே பழகின சாமான். கிராண்ட் ஐ10 நியோஸையும் எக்ஸ்டரையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நீளம் 3815 மி.மீ., இரண்டுக்கும் முன் பின் சக்கர இடைவெளி 2450 மி.மீ. அடித்தளம் ஒன்று, 1.2 லிட்டர் கப்பா எஞ்சினும் ஒன்று. தரை இடைவெளி மட்டும் நியோஸில் 165, எக்ஸ்டரில் 185. சுமார் 2 செ.மீ. தூக்கி, கூரையில் தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி போட்டு, முகத்தைச் சதுரமாக்கியிருக்கிறார்கள்.

அந்த 2 செ.மீ. வீண் என்று சொல்லவில்லை. நம்ம ஊர் வேகத்தடைகளுக்கு அது பெரிய உதவி. எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக் கொடுத்ததும் நிஜமான முன்னேற்றம். 2018 சான்ட்ரோவின் அடிமட்ட வேரியன்ட்டில் ஓட்டுநருக்கு மட்டும்தான் ஒன்று. 3,89,900க்கும் 5,99,900க்கும் நடுவே உள்ள 2,10,000 ரூபாயில் ஏர்பேக், பிஎஸ்6, விலைவாசி எல்லாம் அடக்கம்.

என் புகார் வேறு. உயரமா, குனியாம ஏறி உட்கார்ற சின்ன கார் என்பதைத்தான் சான்ட்ரோ 1998லேயே சொல்லிக்கொண்டிருந்தது. அதையே இப்போது கரடுமுரடான மலைப் பாதைப் படங்களோடு எஸ்யூவி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பெயர் கையில் இருந்தது. அதை எக்ஸ்டரில் ஒட்டியிருந்தால் பொருத்தமாகவே இருந்திருக்கும். ஒட்டாததற்கு எனக்குத் தெரியும் ஒரே காரணம், சான்ட்ரோ என்றாலே சின்ன கார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதுதான்.

வாங்கும் யோசனை இருந்தால் நியோஸ், எக்ஸ்டர் இரண்டின் கையேட்டையும் இறக்கி, எஸ்யூவி என்ற சொல்லை அடித்துவிட்டு, அளவுப் பக்கத்தை மட்டும் படியுங்கள். பிறகு இரண்டிலும் வீட்டிலுள்ள மூத்தவரை ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். எக்ஸ்டரில் அவருக்குச் சுலபமாக இருந்தால், தாராளமாக அதையே வாங்கலாம்.